ஏழு கல் என்று சொன்னவள்

அந்தப் பத்து நிமிடத்தில் வாட்ச் கடைக்காரர் என் அப்பாவிடம் என்ன சொன்னார்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. சம்பவம் நடந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. கேள்வி எனக்குள் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் இப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அப்பா சொன்னதை நம்பினேன். அதைவிட, நான் சொன்னதை நானே நம்பினேன்.

என்னைப் போல முப்பதைத் தாண்டி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு இதை வாசிக்கிறவர்களுக்குச் சாவி கொடுக்கும் வாட்ச் நினைவிருக்கும். நம்முடைய அப்பாக்களின் கையில்தான் அதைக் கடைசியாகப் பார்த்தோம். நமக்கு விவரம் தெரிந்தபோது எல்லாம் பேட்டரி வாட்ச் ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் அது எங்கே போனது என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது எங்கேயும் போகவில்லை. அதனால்தான் இத்தனையும்.

மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவின் பிறந்த வீடு சமயநல்லூரைத் தாண்டி, வாழையும் நெல்லுமாக இருந்த வீடு. கல்யாணத்தில் அவர்கள் போட்ட வாட்ச் அப்பாவின் இடக்கையில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. வெள்ளை டயல். பொன்னிறக் கூடு ஓரங்களில் தேய்ந்து உள்ளே இருந்த வெள்ளை உலோகம் தெரிய ஆரம்பித்திருந்தது. டயலின் அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பதினேழு ஜுவல்ஸ் என்று போட்டிருக்கும். ஆங்கிலம் எழுத்துக்கூட்ட வந்ததும் நான் முதன்முதலாகப் படித்தவற்றில் அதுவும் ஒன்று. மாணிக்கக் கல் பதினேழு உள்ளே இருக்கிறது என்று அப்பா சொல்வார். எங்கள் வீட்டில் அம்மாவின் காதில் இருந்த சிவப்புக் கல்லையும் சேர்த்தாலும் அத்தனை கல் கிடையாது.

அப்போது கோச்சடையில் வாடகை வீட்டில் இருந்தோம். வானொலியில் காலைச் செய்தி முடிந்ததும் அப்பா வாட்சைக் காதோரம் பிடித்துக்கொண்டு சாவி கொடுப்பார். கர்ர், கர்ர் என்று பல்லி சத்தம் போடுவது மாதிரி இருக்கும். இருபது சுற்றுக்கு மேல் கொடுக்கமாட்டார். "மெயின் ஸ்பிரிங் அந்துரும்" என்பார். வாட்சின் பாகங்களில் அவருக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஸ்டீல் சங்கிலியின் இடுக்குகளில் பவுடரும் வியர்வையும் கலந்து மாவு போலப் படிந்திருக்கும். குண்டூசியால் அதை எடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. வேறு யாரையும் அவர் தொட விட்டதில்லை. அம்மாவைக்கூட.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு முதல் வயது முடியும் நேரம். வைகாசியில் அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவாகியிருந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எங்களுக்குக் கூடப்பிறந்த தாய்மாமன் ஒரே ஒருவர், அம்மாவின் தம்பி. இருபத்தைந்து வயதிருக்கும். கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்வார். வாரம் ஒரு முறை சைக்கிள் கேரியரில் வாழைக்காயோ இலைக்கட்டோ வைத்துக்கொண்டு வருவார். உள்ளே வருமுன்பே "அக்கா, சோறு இருக்கா, இல்ல இனிமேத்தான் ஆக்கணுமா?" என்று குரல் வரும். அம்மா அன்று மட்டும் சத்தமாகச் சிரிப்பாள். அப்பா செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். இதெல்லாம் நான் இப்போது சேர்த்துக்கொள்கிற விவரமா, அப்போதே பார்த்ததா என்று சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது.

அந்தப் பங்குனியில் வாட்ச் பின்தங்க ஆரம்பித்தது. முதலில் ஐந்து நிமிடம், பிறகு இருபது. அப்பா ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். இரண்டு நாள் தாமதமாகப் போய், கையெழுத்து நோட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. அவருக்கு அது பெரிய அவமானம். அன்று வீட்டில் மாமா இருந்தார்.

"குடுங்க மச்சான், நான் டவுனுக்குத்தான் போறேன். சர்வீஸ் பண்ணி வாங்கிட்டு வாரேன்."

"எந்தக் கடை?"

"மோட்டாருக்குக் கம்பி வாங்குற கடைக்குப் பக்கத்துல ஒருத்தரு இருக்காரு. நல்ல மனுசன்."

"நல்ல மனுசனா, நல்ல வேலைக்காரனா மாப்ள?"

"ரெண்டும்தான் மச்சான். உங்கள மாதிரி வேலைக்கு லேட்டா வர்ற ஆளு இல்ல."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. வாட்சைக் கழற்றி ஒரு கைக்குட்டையில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

எட்டு நாள் கழித்து அது திரும்பி வந்தது. நேரம் சரியாகக் காட்டியது. அப்பா காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தம் மாறியிருக்கே" என்றார்.

"அழுக்க எடுத்து எண்ணெய் விட்டுருக்காரு மச்சான். சளி போனா குரல் மாறும்ல?"

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அடுத்த வாரம் அலுவலகத்தில் யாரோ ஒருவர் அப்பாவிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறார். நல்ல வாட்சை ரிப்பேருக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் மிஷினை உருவிவிட்டு மட்டமான மிஷினைப் போட்டுவிடுவார்களாம். வெளியே டயலும் முள்ளும் அதேதான் இருக்குமாம். பின்மூடியைத் திறந்து கல்லை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். மட்ட மிஷினில் கல் குறைவு. அப்பா இதை அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். "எந்தம்பி அப்படியெல்லாம் செய்ய மாட்டான்" என்று அம்மா சொன்னாள். "உந்தம்பியச் சொன்னேனா? கடைக்காரனைச் சொல்றேன்" என்றார் அப்பா. யாரும் யாரையும் சொல்லாத அந்தப் பேச்சு அன்று முழுவதும் வீட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சன்னல் வெளிச்சத்தில், பேனாக்கத்தியின் நுனியை விட்டு அப்பா பின்மூடியை நெம்பினார். டப்பென்று ஒரு சத்தம். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குக் கண்ணு நல்லாருக்கு. அந்த லென்சை எடுத்துட்டு வா. செவப்பா எத்தனை கல்லு தெரியுதுன்னு எண்ணு."

அந்த லென்சு கறுப்புப் பிளாஸ்டிக் பிடி போட்டது. பள்ளியில் கட்டுரைப் போட்டிக்குக் கொடுத்த பரிசு. இப்போது அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதன் வழியாகப் பார்த்ததை மட்டும் இன்று காலை பார்த்ததுபோல் சொல்ல முடியும். வெள்ளித் தகடுகள். தகடுகளுக்கு இடையில் பல் சக்கரங்கள், நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாத மெதுவில். ஒரே ஒரு பெரிய சக்கரம் மட்டும் தூளியில் கிடக்கும் பிள்ளை தலையை ஆட்டுவதுபோல இப்படியும் அப்படியும் ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்தது. அதனடியில் தலைமுடி கனத்தில் ஒரு சுருள், விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி. தகடுகளில் ஆங்காங்கே மாதுளை முத்தின் நுனியளவு சிவப்பு. ஒவ்வொரு சிவப்பின் நடுவிலும் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி.

எண்ணினேன். ஏழு.

"நல்லா எண்ணு. நீ சொல்றதுதான்."

மறுபடி எண்ணினேன். ஏழு. ஆனால் அந்த ஆடும் சக்கரத்தின் அடியில், அது ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும், இன்னொரு சிவப்பின் ஓரம் தெரிந்து மறைந்தது. கல்லா, வெளிச்சமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் கணக்கில் அடித்துத் திருத்தி எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிற பிள்ளை. உறுதியில்லாததைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.

"ஏழுதான்ப்பா."

அப்பா மூடியை அழுத்தினார். இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை பொருந்தியது.

மாமா வந்தது வெள்ளிக்கிழமை சாயந்திரம். காதுகுத்துக்குத் தம்பிக்கு எடுத்த பட்டுச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து, அவன் முதுகில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, பத்துக் கல்லு எங்க?"

மாமா சட்டையைப் பார்த்தார். "கல்லு வச்ச சட்டை இல்லையே மச்சான், சாதா ஜரிகைதான்."

"வாட்சுல பதினேழு இருந்துச்சு. இப்ப ஏழு இருக்கு. மிஷின் மாறியிருக்கு."

மாமா சிரித்தார். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. "கடையில கேட்டுருவோம். கெளம்புங்க, இப்பவே போவோம்."

"அவன் என்ன சொல்லணும்னு நீ சொல்லி வச்சிருப்ப."

"என்னங்க பேசுறீங்க?" என்று அம்மா நடுவில் வந்தாள். "அவனுக்கு எதுக்குங்க உங்க வாட்சு? அவனே வாட்சு கட்டுறதில்ல."

"கட்டுறதுக்கு எடுத்தான்னு நான் சொல்லலையே."

மாமாவின் கழுத்து நரம்பு தெரிந்தது. "மச்சான், எங்கய்யா போட்ட வாட்சு அது. அதுல நான் கை வப்பேனா? ஏழுன்னு யாரு உங்களுக்குச் சொன்னா? அதச் சொன்னவன முதல்ல கூப்புடுங்க."

"இங்கதான் இருக்கா. உங்கக்கா மகதான் எண்ணுனா."

மாமா என் பக்கம் திரும்பினார். என்னை எப்போதும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"நீயா ஆத்தா எண்ணுன?"

"ஆமா மாமா."

"ஏழா?"

"ஏழு."

"சரி" என்று மட்டும் சொன்னார். பட்டுச் சட்டையை மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். சின்னப்பிள்ளை பொய் சொல்கிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். சரியாக எண்ணத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்பா என்னை மறுபடி எண்ணச் சொல்லியிருப்பார், அப்போது நான் அந்த எட்டாவதைப் பற்றி வாய் திறந்திருப்பேனோ என்னவோ. என்னைப் பொய்க்காரி ஆக்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் அப்பா மொபெட்டை எடுத்தார். "நீதான எண்ணுன, நீயும் வா."

கடை என்றால் ஒரு மாடிப்படியின் கீழே கண்ணாடிப் பெட்டி, அதன் பின்னால் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். உள்ளே நின்றுபோன கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டின. கடைக்காரர் தடித்த மீசைக்காரர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி செருகியிருந்தார். அதைக் கழற்றாமலே, "என்ன சார், ஸ்லோவா, பாஸ்ட்டா?" என்றார்.

"ரெண்டும் இல்ல. கல்லு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பா சட்டைப்பையிலிருந்து சில்லறை எடுத்தார். "எதுத்தாப்புல பருத்திப்பால் கடை இருக்கு. போயி குடிச்சுட்டு வா. மெதுவாக் குடி, சுடும்."

சாட்சிக்கு என்று கூட்டிவந்தவர் ஏன் என்னை அனுப்பினார்? அன்று எனக்குப் பருத்திப்பால் கிடைத்த சந்தோஷம். சுக்கு வாசனையும் தேங்காய்த் துருவலுமாக, ஊதி ஊதிக் குடித்தேன். தெருவில் ரிக்‌ஷாவும் லாரியும் போகிற இடைவெளிகளில் கடை தெரிந்தது. கடைக்காரர் வேறு ஏதோ வாட்சை எடுத்துப் பிரித்தார். சாமணத்தில் ஒரு தகட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். பிறகு தன் இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டி, திருப்பிப் புறங்கையைக் காட்டினார். அப்பா குனிந்து வெகு நேரம் பார்த்தார். ஒரு லாரி போனது. அடுத்து தெரிந்தபோது அப்பா நிமிர்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சித்திரை வெயில், எல்லோரும்தான் துடைத்தார்கள்.

குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனேன். கடைக்காரர் என்னிடம், "நீதான் எண்ணுனியா பாப்பா?" என்றார். தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்துவிட்டார்.

வரும் வழியில், "என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்லுவான்? எடுத்தவன் எடுத்தேன்னு சொல்லுவானா?"

வைகாசியில் எங்கள் குலசாமி கோயிலில் காது குத்தினார்கள். மாமா சீர்த்தட்டுகளோடு காலையிலேயே வந்துவிட்டார். வேட்டி, சட்டை, மாலை, பழம், தம்பிக்குச் சின்னதாக ஒரு ஜோடித் தங்கக் கடுக்கன். அப்பா அவரை வா என்று கேட்கவில்லை. அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவர் சாப்பாட்டுக்காக வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்து, தம்பியை அவர் மடியில் வைத்தார் அப்பா. அந்த ஆளுக்கே ஒன்றும் புரியவில்லை. தம்பியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் திணறினார். மாமா தட்டுகளைக் கோயில் வாசலில் வரிசையாக இறக்கி வைத்தார். மேலே ஈ மொய்க்காமல் துண்டை விரித்துப் போட்டார். பிறகு பஸ் நிற்கும் பக்கம் நடந்துபோனார். அம்மா அவர் பின்னால் பத்தடி போனாள். "பிள்ளை அழுகுது, இங்கிட்டு வா" என்று அப்பா கூப்பிட்டார். அம்மா திரும்பி வந்தாள். வந்தவள் மாமா கொண்டுவந்த கடுக்கனைத்தான் ஆசாரி கையில் கொடுத்தாள். அப்பா கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காததுபோல் இருந்தார்.

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. நான் பெரியவளானபோது புடவையைத் தன் மனைவியிடம் கொடுத்து அனுப்பினார். என் கல்யாணத்துக்கு மண்டப வாசல்வரை வந்து, மொய்க்கவரைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார். வாசலில் என்னைப் பார்த்து, "நல்லா இரு ஆத்தா" என்றார். அவரை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு குரல், ஏன் மாமா அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கும். ஆமாம், நான் அவரைத் திருடன் என்றே நினைத்திருந்தேன். பிரியத்தோடு நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்பா அந்த வாட்சைக் கழற்றவும் இல்லை. "மட்ட மிஷின்தான், ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று ஓய்வு பெறும்வரை கட்டியிருந்தார்.

இந்தப் பொங்கலுக்கு அதை என் மகனுக்கென்று கொடுத்தார். வாட்ச் நின்றுபோயிருந்தது. நான் இப்போது திருப்பரங்குன்றத்தில் இருக்கிறேன். கடைத்தெருவில் ஒரு பெண் வாட்ச் ரிப்பேர் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொடுப்பதற்கு முன் வாட்சை முன்னும் பின்னும் போனில் படமெடுத்தேன். மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் எடுத்தேன். குழந்தை மருத்துவர் எழுதுகிற மருந்தைக்கூட வீட்டுக்கு வந்து மறுபடி தேடிப் பார்க்கிற ஆள் நான்.

"அக்கா, எம் முன்னாடியே பிரிக்க முடியுமா? கல்லு எத்தனை இருக்குன்னு எண்ணணும்."

அந்த அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ரிப்பேருக்கு வந்தீகளா, எண்ணுறதுக்கு வந்தீகளா?"

"ரெண்டுக்கும்தான். இதுல ஏழுதான் இருக்கு. மிஷினை மாத்திட்டாங்க."

"யாரு சொன்னா?"

"நான் எண்ணியிருக்கேன்."

"சரி, எண்ணுங்க. நீங்க எண்ணி முடிச்ச பெறகு நான் வேலையப் பாக்குறேன்."

நல்லவேளை, மகன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் ஆடும் சக்கரத்தை முதலில் தூக்கினார். பேலன்ஸ் வீல் என்றார். அதன் தலைமுடிச் சுருளுக்கு ஹேர் ஸ்பிரிங் என்று பெயர். அந்தச் சக்கரத்தின் அச்சு சுழலுகிற இடத்தில் மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கல், கீழேயும் அப்படியே இரண்டு. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். சக்கரத்தின் அடியில் கடுகைப் பிளந்ததுபோல இன்னொன்று. அதற்கடியில் நங்கூரம் போன்ற ஒரு துண்டு, பேலட். அதன் இரண்டு கையிலும் ஒவ்வொரு கல். அது தட்டித் தட்டித்தான் டிக் டிக் என்ற சத்தம் வருகிறதாம். பேலட்டின் அச்சுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. பிறகு நான்கு பல் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று.

"எண்ணிட்டீகளா?"

பதினேழு.

"மேல தகட்டுல இருக்கிறதத்தான் எல்லாரும் எண்ணுவாக. கீழ்க்கல்லு டயலுக்குப் பின்னாடி இருக்கும்." அவர் தன் கையை நீட்டினார். உள்ளங்கையைக் காட்டி, திருப்பிப் புறங்கையைக் காட்டினார். "மேல தகட்டுல ஆறு, பேலட் கையில ஒண்ணு, ஆக ஏழு தெரியும். பேலன்ஸ் திரும்பும்போது அடியில இன்னொண்ணு எட்டிப் பாக்கும். அதப் பாத்திருந்தீகன்னா அடியிலயும் கல்லு இருக்குன்னு அப்பவே வெளங்கியிருக்கும்."

மகனை அடுத்த தோளுக்கு மாற்றினேன். அந்த அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இத எடுத்து யாரும் பொழைக்க முடியாதும்மா. பேக்டரியில செய்யிற மலிவுக் கல்லு இது. மிஷினும் பழசுதான், யாரும் மாத்தல. வேணும்னா இதப் பாருங்க." பின்மூடியின் உட்பக்கத்தை விளக்குக்குக் காட்டினார். ஊசியால் கீறிய பொடி எழுத்துகள். "சர்வீஸ் பண்ணுனா உள்ள குறி போடுவோம். மாசம், வருசம், எங்க அடையாளம். திரும்பி வந்தா நம்ம வேலையான்னு தெரியணும்ல? இந்தா, முக்கோணமும் ஒரு புள்ளியும். நல்ல கை இவருக்கு. மூணு தடவ இவருகிட்டயே போயிருக்கு."

மூன்று தடவையா?

முதல் குறி, தம்பிக்குக் காது குத்திய வருடம், அந்த ஏப்ரல். இரண்டாவது, அதிலிருந்து மூன்று வருடம் கழித்து. மூன்றாவது, இன்னும் ஐந்து வருடம் கழித்து. எல்லாவற்றிலும் அதே முக்கோணம், அதே புள்ளி.

நான் அன்றிலிருந்து தூங்கவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் பால் காய்ச்சும்போதும், மகனைக் குளிப்பாட்டும்போதும் இதே கணக்குதான். திருடன் என்று நினைத்த கடைக்காரரிடம் அப்பா இரண்டு முறை மறுபடியும் போயிருக்கிறார். எதை நம்பிக் கொடுத்தார்? அந்தச் சனிக்கிழமை அவர் கையைத் திருப்பிக் காட்டியபோதே எல்லாம் விளங்கிவிட்டதா? விளங்கியிருந்தால், கடைக்காரரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டாரா? முன்பின் தெரியாதவரிடம் கேட்க முடிந்தது, மச்சினனிடம் கேட்க முடியவில்லையா? இல்லை, பழைய வாட்சைத் தொடுகிறவர் ஊரில் அவர் ஒருவர்தான் என்று வேறு வழியில்லாமல் போனாரா? அப்பாவைச் சந்தேகப்படுகிறேனே என்று ஒரு நாள் அழுதேன். அடுத்த நாள், அம்மாவுக்கும் தெரிந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டேன்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். "அப்பா அந்த வாட்சை அப்புறமும் ரிப்பேருக்குக் குடுத்தாரா?"

"எதுக்குக் கேக்குற?"

"கல்லு பதினேழும் இருக்கும்மா. மாமா எடுக்கல."

"எந்தம்பி எடுக்கலன்னு நீ எண்ணித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்?" அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு குரல் இறங்கியது. "உங்கப்பாவுக்குப் பிரஷர் இருக்கு. நீ எதையும் கெளறாத."

இப்போது என் மகனுக்கு வருகிறது காதுகுத்து. ஆவணிக் கடைசியில். அவன் என் தம்பியின் மடியில் உட்காருவான், அதில் சிக்கல் இல்லை. பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குக் கீழே அம்மா வழி உறவுகளின் பெயர்களையும் போடுவது எங்கள் வழக்கம். அப்பா தன் கையெழுத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்று மடியில் பிடிக்கத் தெரியாமல் திணறினாரே, அவர் பெயர்கூட இருக்கிறது. மாமா பெயர் இல்லை. அந்தத் தாளை இன்னும் அச்சகத்தில் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

மாமா பெயரை நானே எழுதிவிட்டு, வெற்றிலை பாக்கோடு சமயநல்லூர் போய், "பதினேழும் இருந்துச்சு மாமா, நான்தான் தப்பா எண்ணிட்டேன்" என்று அவர் காலில் விழ என்னால் முடியும். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் நான் மட்டும் தப்பு என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய் என்று படுகிறது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம் என்று சேர்த்துச் சொன்னால், எழுபதை நெருங்கும் மனிதரை, நிரூபிக்க முடியாத ஒன்றுக்காக, அவர் மச்சினன் முன்னால் நிறுத்துகிறேன். அப்பாவிடமே முதலில் போய் அந்த முக்கோணத்தைக் காட்டலாம். அம்மா சொன்ன பிரஷர் நினைவுக்கு வருகிறது. அப்பாவை இதிலிருந்து தப்பவைக்கத்தான் அம்மா அப்படிச் சொன்னாளோ என்று அதையும் சந்தேகப்படுகிறேன்.

மாமாவைக் கோயில் வரைக்கும் கூட்டிவருவது பெரிய வேலையில்லை. நான் கூப்பிட்டால் வருவார். அவர் வந்து நிற்கும்போது அப்பா எழுந்து, "வா மாப்ள, இங்க உக்காரு" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அது நடக்க நான் முதலில் யாரிடம் போவது, என்ன சொல்வது? உங்கள் வீட்டில் இப்படி ஒன்றைச் சரிசெய்தவர்கள் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.